அரை டிக்கட்

எங்கள் வீட்டில் தைப்பூசப் பயணம் மைலோ டின்னில் தொடங்கும். தீர்ந்துபோன பச்சை டின்னின் மூடியில் அப்பா பழைய உளியின் முனையால் ஒரு கீறல் போட்டுக் கொடுப்பார். அம்மா அதை அரிசிப் பானைக்குப் பின்னால், முருகன் படத்துக்கு நேர் கீழே வைப்பார். ஒரு தைப்பூசம் முடிந்து திரும்பி வந்த மறுவாரமே அடுத்த தைப்பூசத்துக்கான முதல் காசு அதற்குள் ‘டங்’ என்று விழும். அதன்பிறகு சம்பள நாளில் கொஞ்சம், கோழிமுட்டை விற்றதில் கொஞ்சம், கடைக்காரர் தந்த மீதியில் கொஞ்சம் என்று விழ விழ, அந்தச் சத்தம் மாறிக்கொண்டே வரும். தீபாவளி வாக்கில் ‘டங்’ போய் ‘டொக்’ ஆகும். மார்கழியில் காசு விழுவதே கேட்காது. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை வைத்தே பினாங்கு இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பிள்ளைகள் எங்கள் மூவராலும் சொல்லிவிட முடியும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருந்திருக்கும். மைலோ இல்லாவிட்டால் பால்மாவு டின். அதுவும் இல்லாவிட்டால் மூங்கில் கணு.

தை பிறந்ததும் ஒரு ராத்திரி பாயை விரித்து, மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அம்மா டின்னைக் கவிழ்ப்பார். ஐந்து காசு, பத்து காசு, இருபது காசு என்று தனித்தனியாக அடுக்குவது எங்கள் வேலை. அப்புறம் அம்மா அந்த அடுக்குகளைப் பிரித்துப் பாயின் ஓரத்தில் வரிசையாக வைப்பார். இது ரயிலுக்கு, இது ஃபெரிக்கு, இது பினாங்கில் பஸ்ஸுக்கு, இது அர்ச்சனைக்கு, இது தேங்காய்க்கு. கடைசியில் மிஞ்சும் சின்ன அடுக்கு எங்களுக்கு. சோற்றுக்கு என்று ஓர் அடுக்கு இருக்கவே இருக்காது. தைப்பூசத்தில் சோற்றுக்குக் காசு கொடுப்பவர் எவர்? பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் பந்தலுக்குப் பந்தல் அன்னமும் மோரும் சிராப் தண்ணீரும் காத்திருக்கும். ரயிலுக்கோ அம்மாவின் புளிச்சோறு இருந்தது.

கடன் வாங்கிப் பயணம் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருந்தது என்று பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊர் பாரிட் புந்தாரைச் சுற்றி இன்று நீங்கள் பார்ப்பது வயல். 1906இல் முடிந்த புக்கிட் மேரா நீர்த்தேக்கம் கிரியான் மாவட்டத்தை நெல் பூமியாக்கிற்று. அதற்கு முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டில், இது கரும்புச் சீமை. கோலா குராவ் பக்கம் கூலா என்று ஓர் ஊர் இருக்கிறது; மலாய் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சீனி என்றுதான் பொருள். அந்தக் கரும்பு வெட்டத்தான் எங்கள் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். கப்பல் கூலியைத் தோட்டம் முதலில் கொடுத்துவிடும். பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு பயணத்துக்குப் பட்ட கடனை வருஷக்கணக்கில் வெட்டித் தீர்த்த கதையைத் தாத்தா தன் தாத்தாவிடம் கேட்டிருக்கிறார். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. காசை முழுதாகக் கையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுப் படியிறங்க வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் எங்கள் லயத்தை விட்டுப் போகவில்லை.

இன்று என் பேரன் முதலில் பறக்கிறான், பிறகு மாதத் தவணையில் கட்டுகிறான். நானும் தடுப்பதில்லை. டின் நிறையக் காத்திருந்த பதினொரு மாதத்தையும் நாங்கள் பயணத்தோடு சேர்த்துத்தான் அனுபவித்தோம் என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் தோட்டத்திலிருந்து பாரிட் புந்தார் ரயில் நிலையம் நாலு மைல். விடிவதற்கு முன்பே ரப்பர் ஷீட் ஏற்றிய தோட்டத்து லாரி டவுனுக்குப் போகும். டிரைவர் அண்ணன் ‘ஏறுங்க’ என்று தலையை மட்டும் ஆட்டுவார். புகைக்கூண்டில் வாட்டிய ஷீட்டின் மணம் புதுச்சட்டையில் ஏறிக்கொள்ளும். அம்மா அதைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே வருவார். இறங்கும்போது டிரைவர் அண்ணனுக்குக் காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வார். அதனால் திரும்பி வரும்போது கோயில் விபூதியும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமும் அவர் வீட்டுக்குப் போகும். எங்கள் சிக்கனப் பயணத்தில் இப்படிக் கணக்கில் எழுதாத செலவுகள் உண்டு.

நிலையத்தில் சின்ன அட்டை டிக்கட். விரல் அகலம்தான் இருக்கும். புது அட்டையின் மணமும், தேதியை அடிக்கும் இயந்திரத்தின் ‘கடக்’ சத்தமும் எனக்கு இன்றைக்கும் பினாங்கின் முதல் வாசல். அம்மா கவுண்டருக்குள் குனிந்து, “மூணாம் கிளாஸ், ரெண்டு முழு டிக்கட், மூணு அரை டிக்கட்” என்று சொல்லும்போது, அந்த மூன்று அரைகளில் மூத்த அரையாகிய நான் கொஞ்சம் பின்னால் நின்றுகொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். எனக்கு ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஏறிக்கொண்டிருந்த வயது பதினொன்றிலேயே சில காலம் நின்றது. வீட்டில் வயது ஏறிற்று, பள்ளிக்கூடத்தில் ஏறிற்று. ரயிலில் மட்டும் ஏறவில்லை.

அம்மா பொய் சொல்லாதவர். அளவுத் தொட்டியில் ரப்பர்ப் பால் ஊற்றும்போது கணக்கெழுதும் கிராணி ஒரு பவுண்டு கூட எழுதிவிட்டால் அதையும் திருப்பிச் சொல்லித் திருத்தியவர். பக்கத்து வீட்டு ஆடு எங்கள் முருங்கையை மேய்ந்தால் சண்டைக்குப் போகாமல், எங்கள் ஆடு அவர்கள் மிளகாயை மேய்ந்ததையும் சேர்த்துச் சொல்லிக் கழித்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் வருஷத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் முருகனைப் பார்க்கப் போகிற நாளில், ஒரே ஒரு பொய்யை வைத்திருந்தார். அந்தப் பொய்யின் விலை ஒரு பிள்ளையின் அரை டிக்கட்.

1974இல் எனக்குப் பதின்மூன்று. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, அந்த ஜனவரியில்தான் டவுனில் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிறவர்கள் மலாய் மொழியில் தேறுவதற்காக ஒரு வருஷம் அங்கே உட்கார வேண்டும். படித்தவர்களுக்கு அந்த வருஷம் நினைவிருக்கும். முதன்முதலாக நீளக் கால்சட்டை தைத்துக் கொடுத்திருந்தார்கள். தோட்டத்துப் பையன்களில் டவுன் பள்ளிக்குப் போகிறவர்கள் மூன்று பேர். அதில் நான் ஒருவன். தைப்பூசத்துக்கு அந்தக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு பினாங்குத் தெருவில் நடப்பதாக ராத்திரி ராத்திரி கனவு கண்டேன்.

அன்று விடியற்காலை அம்மா எடுத்து வைத்தது பழைய அரைக் கால்சட்டை.

நான் ஒன்றும் பேசாமல் அதைப் போட்டுக்கொண்டேன். முழங்கால் இரண்டும் வெளியே தெரிய, லாரியின் பின்னால் ரப்பர் ஷீட்டின் மேல் உட்கார்ந்து, உலகத்தின் மீதே கோபமாகப் போன அந்தப் பையனை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அவன் தலையைத் தடவிக் கொடுக்கவும் தோன்றுகிறது. கால்சட்டையின் நீளத்தில் மனிதன் ஆகிவிட்டதாக நம்புகிற ஒரு வயது எல்லாருக்கும் வந்து போகிறது.

மூன்றாம் வகுப்புப் பெட்டி. ஜன்னலை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்த வேண்டும். உட்கார இடம் இருப்பவர்கள் நகர்ந்து நகர்ந்து இடம் கொடுத்து, மூன்று பேர் பலகையில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்போம். எதிர்ப் பலகையில் பாகான் செராய்த் தோட்டத்துக் குடும்பம். அறிமுகமே இல்லை, நிபோங் தெபால் வருவதற்குள் ‘எந்தத் தோட்டம், என்ன உறவு, உங்க பெரியப்பா எங்க ஊர்லயா கட்டினாரு’ என்று ஒரு மாமா முறை பிறந்துவிட்டது. அவர்கள் அடுக்குச்சட்டியைத் திறந்தார்கள், அம்மா புளிச்சோற்றை அவிழ்த்தார்; விரதம் என்பதால் நெத்திலிச் சம்பல் மட்டும்தான் இல்லை. காவடி, பால்குடம் எடுக்கிறவர்களுக்கு எல்லாரும் எழுந்து இடம் விட்டார்கள். ஒருவர் கூம்புப் பொட்டலத்தில் கச்சாங் பூத்தே விற்றுக்கொண்டு வந்தார். ஈப்போ புந்தோங்கில் தமிழர்கள் கடலையும் முறுக்கும் வறுத்துப் பேர்பெற்ற கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தக் கடலையின் மணம்தான் அன்றைய ரயிலின் மணம்.

நிபோங் தெபால் தாண்டியதும் டிக்கட் பரிசோதகர் வந்தார். தமிழர்தான். டிக்கட்டுகளை வாங்கிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், என் முழங்காலில் கொஞ்ச நேரம் பார்வையை நிறுத்தினார்.

“பையனுக்கு என்ன வயசும்மா?”

“பதினொண்ணுங்க ஐயா.”

“பதிமூணு,” என்றேன் நான். “பாரிட் புந்தார்ல புகுமுக வகுப்பு படிக்கிறேன்.”

பலகையில் இருந்த ஐந்து பேரும் எதிரில் இருந்த ஐந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள். தண்டவாளத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பரிசோதகர் சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. “அப்ப மிச்சத்தக் கட்டிருங்கம்மா,” என்று தணிந்த குரலில் சொல்லி, ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அந்த முடிச்சு பல்லால் இழுத்து அவிழ்க்க வேண்டிய முடிச்சு. அதிலிருந்து ஒவ்வொரு காசாக எண்ணிக் கொடுத்தார்.

உண்மை பேசியவனுக்கு உரிய பெருமையோடு நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் அரிச்சந்திரன் பாடம் நடத்தியிருந்தார்கள். ஆனால் அன்று என் வாயில் வந்தது அரிச்சந்திரன் அல்ல, அந்த நீளக் கால்சட்டைதான் என்பது எனக்கே தெரியும். சிம்பாங் அம்பாட் போயிற்று. புக்கிட் மெர்தாஜாம் வந்தது. அதுவரை ஒன்றும் பேசாத அம்மா, பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்து என் கையில் கொடுத்து, “பசிக்குதாய்யா?” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை அம்மா அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

1967 வரைக்கும் ரயில் பிறையோடு நின்றுவிடும். அந்த வருஷம்தான் பிறை ஆற்றின் மேல் பாலம் போட்டு பட்டர்வொர்த்தில் புது நிலையம் திறந்தார்கள். ரயிலிலிருந்து இறங்கி நடந்தால் ஃபெரி. கீழ்த்தட்டில் காரும் லாரியும், மேல்தட்டில் நாங்களும் கடல் காற்றும். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே தைப்பூசம் வந்ததுபோல் தங்கைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஃபெரியில் அம்மாவுக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தீவுக்குப் போகும்போதுதான் காசு; திரும்பி வரக் காசு இல்லை. பட்டர்வொர்த்துக் கரையில் மட்டுமே வசூல். “பாத்தியா, சாமி பாக்கப் போறதுக்குத்தான் செலவு, வீட்டுக்கு வர்றது சும்மா,” என்று ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொல்வார். அன்று சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவும் இல்லை.

துறைமுகத்தில் இறங்கியதும் வழக்கமாக பஸ். பாயின் ஓரத்தில் அதற்கென்று ஓர் அடுக்கு வைத்திருந்தாரே, அந்த பஸ். அன்று அம்மா பஸ் நிற்கும் பக்கம் திரும்பவே இல்லை. “இந்த வருஷம் ரதத்தோட நடந்து போவோம். முருகன் நடக்கும்போது நாம என்ன பஸ்ல போறது?” என்றார். அப்பா மறுபேச்சுப் பேசாமல் சின்னத் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

பினாங்கு வெள்ளி ரதத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் வந்து சேர்ந்தது, நகரத்தார் சொத்து. பூசத்துக்கு முதல் நாள் விடியலில் பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டு, காளைகள் இழுக்க, தண்ணீர்மலைப் பாதையிலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போய்ச் சேர இருட்டிவிடும். ஆறேழு கிலோமீட்டர்தான், ஆனால் கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு அர்ச்சனைத் தட்டுக்காக நின்று நின்று போகும். வழியெல்லாம் தேங்காய். சீனர்கள் மூட்டை மூட்டையாகக் குவித்து வைத்து உடைப்பார்கள். சாலை முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் ஆறாக ஓடி, வெயிலில் புளித்து, செருப்பில்லாத காலில் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்போடு நாள் முழுவதும் நடந்தோம். பந்தலுக்குப் பந்தல் மோர் குடித்தோம். சில்லுத் தேங்காயைப் பொறுக்கி மென்றோம். ஒரு சீனப் பாட்டி என் தங்கையின் கையில் சிவப்பு உறை ஒன்றைத் திணித்தார். அதற்குள் இருந்த காசை அம்மா அப்படியே உண்டியலில் போடச் சொன்னார். ராத்திரி செட்டியார் கோயில் மண்டபத்தின் தரையில், அறிமுகமில்லாத நூறு குடும்பங்களுக்கு நடுவில், ஒரே போர்வையில் ஐந்து பேர் படுத்தோம். எனக்கு அது வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த தைப்பூசம். அடுத்த வருஷமும் ரதத்தோடுதான் நடக்க வேண்டும் என்று அடம் பிடித்தேன். நடந்தோம். பிறகு அது எங்கள் குடும்பத்து வழக்கமே ஆகிவிட்டது.

பத்து வருஷம் கழித்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்திலிருந்து தண்ணீர்மலைக்கு பஸ் ஏறினேன். நடத்துநரிடம் காசு கொடுத்து உட்கார்ந்தபோது, எந்தக் காரணமும் இல்லாமல் மனம் ஒரு கணக்குப் போட்டது. ஐந்து பேருக்குப் போக வர பஸ் காசு எவ்வளவு ஆகியிருக்கும்? ஓர் அரை டிக்கட் முழு டிக்கட் ஆக, அதுவும் இரண்டு வழிக்கு, எவ்வளவு ஆகியிருக்கும்? பஸ் போய்க்கொண்டிருந்தது. நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிற்று. பாயின் ஓரத்தில் அடுக்கியிருந்த காசுகளில் எந்த அடுக்கு என் வாய்க்குப் போனது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா அதைப் புண்ணியம் என்று பெயர் மாற்றி எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

அந்த எண்பதுகளில் நானும் மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரனாகத்தான் இருந்தேன். கோலாலம்பூருக்கு வேலை நேர்காணல் என்றால் இரவு மெயில்தான். ராத்திரி வண்டியில் போனால் ஓட்டல் காசு மிச்சம். பெட்டி நடைபாதையில் செய்தித்தாள் விரித்து, பையைத் தலைக்கு வைத்து, கக்கூஸ் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் தாண்டித் தாண்டிப் போக, அப்படி ஒரு தூக்கம். விடிந்ததும் கோலாலம்பூர் பழைய நிலையம். 1910இல் கட்டிய, மசூதிபோல் குவிமாடமும் வளைவும் உள்ள அந்த அழகான கட்டடத்தின் குழாயில் முகம் கழுவி, பல் துலக்கி, கசங்காமல் மடித்து வைத்திருந்த சட்டையை மாற்றிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் ரெண்டு தோசையோடு பசியாறி நேர்காணலுக்குப் போவேன். என்னைப்போல் நாலு பேர் அதே குழாயடியில் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். “எங்க தம்பி, இன்டர்வியூவா?” “ஆமாண்ணே.” “நல்லா வரும், போ.” அந்த வாழ்த்துக்குப் பிறகு கிடைக்காத வேலையும் பெரிதாக வருத்தம் தரவில்லை.

இன்று இந்தத் தடத்தில் இரவு மெயில் இல்லை. 2015இல் பாடாங் பெசார் வரைக்கும் மின்ரயில் வந்துவிட்டது. இடிஎஸ் என்னும் அந்த மின்ரயில் பாரிட் புந்தாரில் நிற்கிறது. குளிரூட்டிய பெட்டி, எண் போட்ட இருக்கை, காலையில் ஏறி நேர்காணலை முடித்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். புக்கிட் மேரா ஏரியின் மேல் ரயில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்து கிடக்கும் அழகை, இருட்டில் தூங்கிக்கொண்டே கடந்த நான், ஐம்பது வயதுக்கு மேல்தான் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். எங்கள் வயலுக்கெல்லாம் தண்ணீர் தருவது அந்த ஏரி. பக்கத்து இருக்கைப் பையனிடம் அதைச் சொல்லத் திரும்பினேன். அவன் காதில் கருவி மாட்டியிருந்தான். தப்பில்லை. இருக்கைக்கு எண் வந்துவிட்டால் யாரும் யாருக்கும் நகர்ந்து கொடுக்க வேண்டியதில்லை. நகர்ந்து கொடுக்காத இடத்தில் மாமா முறை எப்படிப் பிறக்கும்?

மிச்சம் பிடிக்கும் வேலையும் இப்போது தனியாள் வேலை. மலிவு விலை டிக்கட் நள்ளிரவில் திறக்கிறது என்றால், வீடே தூங்கும்போது நான் ஒருவன் மட்டும் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காலத்தில் பாயைச் சுற்றி ஐந்து பேர் காசு அடுக்கினோம்.

ஆனால் இந்த மலிவு டிக்கட்டை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். தாத்தாவை நினைத்தால் எனக்கு அந்த உரிமை இல்லை. தாத்தாவுக்கும் ஒரு டின் இருந்தது. பிஸ்கட் டின், பெரியது. அது நாகப்பட்டினத்துக்கான டின். பினாங்கிலிருந்து ரஜுலா கப்பலில் ‘டெக்’ பயணியாக, சொந்தப் பாயும் சொந்தச் சட்டியும் எடுத்துக்கொண்டு, மேல்தட்டில் படுத்து நான்கைந்து நாளில் போய்ச் சேரலாம் என்று வருவோர் போவோரிடமெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். டின் பாதி நிறைந்தபோது அத்தைக்குக் கல்யாணம். மறுபடி பாதி நிறைந்தபோது பாட்டிக்குச் சீக்கு. எழுபதுகளின் தொடக்கத்தில் ரஜுலா ஓய்வு பெற்று சிதம்பரம் கப்பல் வந்தது. “புதுக்கப்பல், இன்னும் நல்லதாப் போச்சு,” என்று தாத்தா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் நடுக்கடலில் தீப்பிடித்தது, பலர் செத்தார்கள். அத்தோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றது. அதற்கு முன்பே தாத்தா போய்விட்டார். பிஸ்கட் டின்னில் இருந்த காசில்தான் காரியம் செய்தோம்.

2008 டிசம்பரில் ஏர் ஏசியா கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியது. அடுத்த வருஷம் மலிவு டிக்கட் என் கைக்கு அகப்பட்டது. அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். கைப்பை ஏழு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நான் தராசு தேடி அலைந்துகொண்டிருக்க, அம்மா பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, “ஏழு இல்ல, ஆறேமுக்கால் இருக்கும். இன்னொரு சேலை வைக்கலாம்,” என்றார். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். ஆறு கிலோ எழுநூறு கிராம். முப்பது வருஷம் பால் வாளி தூக்கிய கை அது. எடைக்குச் சம்பளம் வாங்கியவர்களுக்கு எடை கையிலேயே தெரியும். இன்னொரு சேலையையும் வைத்தார். விமானத்தில் புளிச்சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே மேகத்தைப் பார்த்தபடி என்னிடம் மெல்லக் கேட்டார்: “ஏய்யா, இது ரெண்டு வழியும் காசா? ஃபெரி மாதிரி இல்லையா?”

நாலு மணி நேரத்தில் திருச்சி. தாத்தா டின் நிறையக் காத்திருந்த தூரம். காவிரிக் கரையில் நின்று அம்மா ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துத் தாத்தா பேரைச் சொல்லித் தண்ணீரில் கரைத்தார். மலிவு டிக்கட் இல்லாவிட்டால் அந்த மண்ணை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் தொட்டிருக்க மாட்டோம்.

ஃபெரியின் கதை உங்களுக்குத் தெரியும். 1985இல் பினாங்குப் பாலம் திறந்ததும் கூட்டம் பாதி அந்தப் பக்கம் போயிற்று. பாலத்திலும் தீவுக்குப் போகும்போதுதான் கட்டணம், திரும்ப இல்லை என்று கேட்டு அம்மாவுக்குப் பாலத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது. ஒரு வெள்ளி இருபது காசில் கடலைக் கடந்த அந்தப் பழைய இரண்டு தட்டு ஃபெரிகள் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஓய்ந்தன. 2023 ஆகஸ்டில் புதியவை வந்திருக்கின்றன. நடந்து வருபவர்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் மட்டும். குளிரூட்டி இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்கும் பிள்ளைகளைத்தான் கண் தேடுகிறது.

பாரிட் புந்தாரில் இப்போது இரட்டைத் தண்டவாளம், மேலே மின்கம்பி. பட்டர்வொர்த்துக்குக் கொம்யூட்டர் ரயில் ஓடுகிறது. போன தைப்பூசத்துக்கு விடியற்காலையில் கவுண்டரில் நின்று, “பட்டர்வொர்த், ஒன்று,” என்றேன். உள்ளே இருந்த பெண் என் தலையைப் பார்த்துவிட்டு அடையாள அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். பிறந்த வருஷத்தைப் பார்த்தார். அறுபது தாண்டிய குடிமக்களுக்குப் பாதிக் கட்டணம்.

ஐம்பது வருஷத்துக்கு மேலாயிற்று, நான் மறுபடி அரை டிக்கட். இந்தத் தடவை வயதைச் சரியாகத்தான் சொன்னேன். நீளக் கால்சட்டையும் போட்டிருந்தேன். மீதிப் பாதிக் காசை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிபோங் தெபால் வரைக்கும் போனேன். பிறகு அதைக் கைக்குட்டையின் ஓரத்தில் முடிந்தேன்.

துறைமுகத்தில் இறங்கினால் தண்ணீர்மலைக்கு பஸ் தயாராக நிற்கிறது. அதற்குக் காசும் இருக்கிறது. நான் ரதத்தோடு நடந்துதான் போகிறேன்.